பூஜ்யம் காட்டின மீட்டர்

தெருவுல என்னை எல்லாரும் மீட்டர்னுதான் கூப்பிடுவாங்க. நான் வேலை பாக்கிறது ஒரு கண்ணாடிக் கடையில, லென்ஸ் தேய்க்கிற மிஷின்ல. ஆனா வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்து கைகால் கழுவினா, நேரா போய் உக்கார்ற இடம் ஹால்ல பீரோவுக்குப் பின்னால இருக்கிற மூலை. அங்க ஒரு மேஜை. அது மேல நாலு மல்டிமீட்டர், ரெண்டு சால்டரிங் அயர்ன், ஒரு பவர் சப்ளை, அப்புறம் என் உசுரான ஸ்கோப். ஸ்கோப்னா, கரண்ட் போற போக்கைத் திரையில பச்சைக் கோடா வரைஞ்சு காட்டுற பெட்டி. மூடிப்போன ஒரு காலேஜ் லேப்ல இருந்து என் கைக்கு வந்தது. இதையெல்லாம் வெச்சு நான் பெருசா ஒண்ணும் கிழிச்சுடல. ரெண்டு ரேடியோ பண்ணினேன். செடிக்குத் தானா தண்ணி ஊத்துற ஒரு டப்பா பண்ணினேன். அது தண்ணி ஊத்தின ஒரே இடம் என் பொண்டாட்டியோட தலையணை.

ஆனா அளக்கிறதுல என்னை அடிச்சுக்க ஆள் கிடையாதுன்னு ஒரு நினைப்பு எனக்கு. எந்த வயரைப் பாத்தாலும் ஒரு சீட்டு எழுதிக் கட்டிடுவேன். எது எங்க போகுது, எப்ப மாட்டினது, எல்லாம் அதுல இருக்கும். கடையில லென்ஸ் பவர் அரைப் பாயிண்ட் பிசகினாலும் வாங்கிட்டுப் போனவர் தலைவலின்னு திரும்பி வந்துடுவார். அதனால வந்த புத்தி. யாராவது 'சுமாரா'ன்னு ஒரு வார்த்தை சொன்னா எனக்கு மூக்கு மேல கோவம் வந்துடும்.

அப்படிப்பட்டவனுக்கு ஸ்கோப்ல ஒரு குறை. சும்மா இருக்கும்போது நூல் பிடிச்ச மாதிரி நிக்க வேண்டிய பச்சைக் கோடு, என் வீட்டுல நடுங்கும். ஃபிரிட்ஜ் ஓட ஆரம்பிச்சா ஒரு துள்ளு, தையல் மிஷின் ஓடினா ஒரு துள்ளு. மூணு மாசம் மண்டையைப் பிச்சுக்கிட்டேன். கடைசியில ஒரு ஞாயித்துக்கிழமை அதைச் சரி பண்ணிட்டேன். எப்படின்னு பின்னாடி சொல்றேன். கோடு அசையாம நின்னுச்சு. கண்ணுல ஒத்திக்கலாம் போல இருந்துச்சு. வீட்டுல எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். பொண்டாட்டி, கோடு நேரா இருக்குங்க, சாப்பிட வாங்கன்னு சொல்லிட்டுப் போனா.

பிரச்சினை ஆரம்பிச்சது அதுக்கு ஒரு மாசம் கழிச்சு, தையல் மிஷின்ல. அவ வீட்டுலயே துணி தைக்கிறவ. ஜன்னலோரமா மோட்டார் வெச்ச மிஷினைப் போட்டு, வெறும் காலைச் சிமெண்டுத் தரையில ஊனிக்கிட்டுத் தைப்பா. ஒரு நாள் காலையில, மிஷினைத் தொட்டா லேசா ஷாக் அடிக்குதுன்னா. நான் இருக்கிறதுலயே நல்ல மீட்டரை எடுத்துட்டு வந்தேன். சிவப்பு முனையை மிஷினோட இரும்பு உடம்புல வெச்சேன். கறுப்பு முனையைச் சுவத்து பிளக்ல இருக்கிற எர்த் ஓட்டையில விட்டேன். எர்த்துன்னா பூமி. வீட்டுல இருக்கிற எல்லா எர்த் ஓட்டையில இருந்தும் ஒரு வயர் போய், கொல்லையில மண்ணுக்குள்ள அடிச்சு வெச்சிருக்கிற கம்பியில சேரும். மிஷின் உடம்புல கரண்ட் வந்தா இந்த ரெண்டுக்கும் நடுவுல வோல்டேஜ் காட்டணும். மீட்டர் 0.2 காட்டுச்சு. பூஜ்யம்னே வெச்சுக்கலாம். அவகிட்ட அதைக் காட்டி, பேசாம தையின்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அடுத்த வாரம் ஃபிரிட்ஜ் கைப்பிடி அடிக்குதுன்னா. அளந்தேன், பூஜ்யம். அதுக்கடுத்த வாரம் குளியலறைக் குழாய். அதையும் பக்கத்து பிளக்கோட எர்த்தை வெச்சு அளந்தேன், பூஜ்யம். அதெல்லாம் காலையிலதான் அடிக்குது, மத்தியானத்துல அடிக்க மாட்டேங்குதுன்னு அவ ஒரு வார்த்தை சொன்னா. அது என் மண்டையில ஏறவே இல்ல. மனப்பிராந்திக்குக் கூட நேரம் காலம் இருக்கு போலன்னு கிண்டல் பண்ணினேன்.

அவளோட அண்ணன், அதாவது என் மச்சான், தொழில்லயே எலக்ட்ரீசியன். அவர்கிட்ட ஒரு டெஸ்டர் ஸ்க்ரூ டிரைவரும், ரெண்டு வயர் தொங்குற ஒரு பல்ப் ஹோல்டரும்தான் உண்டு. அதை வெச்சே முப்பது வருஷம் ஓட்டிட்டார். பொண்டாட்டி என்கிட்ட சொல்லாம அவரோட பழைய டெஸ்டரை வாங்கிட்டு வந்து, மிஷின்ல வெச்சு, பாருங்க லைட் எரியுதுன்னு காட்டினா. எனக்கு வந்ததே கோவம். அந்த டெஸ்டருக்கு ஒரு அளவும் தெரியாது, சும்மா காத்துல நீட்டினாலே மினுக்கும், அதை நம்பி என் மீட்டரைச் சந்தேகப்படறியான்னு குதிச்சேன். மச்சான் போன்ல, எர்த் இருக்கா இல்லையான்னு பல்பைப் போட்டு ஒரு தடவை பாத்துடலாம் மாப்ளே, வரட்டுமான்னு கேட்டார். வேணாம்னுட்டேன். நாலு மீட்டர் இருக்கிற வீட்டுல பல்பை வெச்சுப் பாக்க வந்தா எனக்கு என்ன மரியாதை. இதே மச்சான் போன வருஷம், கரண்ட் கசிஞ்சா தானா மெயினை அணைக்கிற பெட்டி ஒண்ணு மாட்டித் தரேன்னு வந்தார். அதை நானே பண்ணிக்கிறேன்னு திருப்பி அனுப்பினேன். பாதி பண்ணி மேஜைக்கடியில கிடக்கு.

அதுக்கப்புறம் அவ என்கிட்ட அதைப் பத்திப் பேசறதை விட்டுட்டா. ரப்பர் செருப்பு ரெண்டு ஜோடி எடுத்து வெச்சா. மிஷின்கிட்ட ஒண்ணு, குளியலறை வாசல்ல ஒண்ணு. எங்க பொண்ணுக்கு ஒன்பது வயசு. செருப்பு போடாம குழாய்ப் பக்கம் போகக் கூடாதுன்னு அவகிட்ட கறாரா சொல்லிட்டா. பொண்ணு என் கட்சி. மீட்டர்ல நம்பர் படிக்கத் தெரியும் அவளுக்கு. 'பூஜ்யம்மா, பூஜ்யம்'னு அம்மாவைச் சீண்டிக்கிட்டே இருப்பா. எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருக்கும். இப்ப அதை நினைச்சா என்னையே செருப்பால அடிச்சுக்கலாம்னு தோணுது.

அன்னிக்கு எனக்கு லீவு. காலையில எட்டு, எட்டேகால் இருக்கும். குளியலறைக்கு வெளியில, சுவத்துல ஹீட்டர் ஸ்விட்ச். அதுல சிவப்பு லைட் எரிஞ்சுது. பொண்ணு துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு, அந்தப் பெரிய செருப்புல காலை நுழைச்சு இழுத்து இழுத்து நடந்தா. அது அம்மாவோட அளவு. அப்பா, இது வழுக்குதுப்பான்னு என்னைப் பாத்தா. பொண்டாட்டி ஜன்னல் பக்கத்துல இருந்து, கழட்டாதேன்னா. நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கல.

"செருப்பெல்லாம் வேணாம், கழட்டிப் போட்டுட்டுப் போ. அப்பா அளந்து பாத்தாச்சு."

பொண்டாட்டி முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிச்சுது. நேரா மிஷின் முன்னாடி போய் உக்காந்தா. அந்தக் கோவத்துல தன் செருப்பைப் போட மறந்துட்டா போல. சக்கரத்துல கை வெச்சவ வெடுக்குன்னு இழுத்துக்கிட்டா. மடியில இருந்த துணி கீழ விழுந்துச்சு. இப்ப அடிச்சுது, நல்லாவே அடிச்சுது, வந்து அளந்து பாருங்க உங்க பூஜ்யத்தைன்னா.

சரி, இன்னியோட இதுக்கு ஒரு முடிவு கட்டிடணும்னு எழுந்தேன். மீட்டர்ல காட்டினா நம்ப மாட்டேங்குறா, ஸ்கோப்ல காட்டுறேன், அசையாத கோட்டைத் தன் கண்ணாலயே பாக்கட்டும்னு வீம்பு. அவளைக் கூப்பிட்டு என் மேஜை முன்னாடி நிறுத்தினேன். ஸ்கோப்போட வயர் நீளம். பீரோவைச் சுத்தி மிஷின் வரைக்கும் எட்டும். முனையைக் கொண்டு போய் மிஷின் உடம்புல வெச்சேன். என்ன தெரியுதுன்னு அங்கிருந்தே கேட்டேன். அலை மாதிரி வருதுங்கன்னா. அலையாவது கொலையாவதுன்னு, முனையை மிஷின்ல கிளிப்பால மாட்டிட்டு வந்து பாத்தேன்.

திரை முழுக்க அலை. மேல இருந்து கீழ வரைக்கும், வளைவு வளைவா, ஒரு பிசிறு இல்லாம. சொல்ல வெக்கமா இருக்கு. ஒரு அரை நொடி எனக்குத் தோணினது, என்ன அழகா இருக்குன்னுதான். அப்புறம்தான் கட்டத்தை எண்ணினேன். ஒரு கட்டம் நூறு வோல்ட். உச்சியில இருந்து அடி வரைக்கும் ஆறு கட்டத்துக்கு மேல; வீட்டு 230 வோல்ட் ஸ்கோப்ல அப்படித்தான் தெரியும். அதாவது பிளக்குக்குள்ள இருக்க வேண்டிய முழு கரண்டும் மிஷினோட வெளி உடம்புல நிக்குது.

அந்த ஞாயித்துக்கிழமை நான் பண்ணினது அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. ஃபிரிட்ஜும் மிஷினும் பண்ற கலாட்டா எல்லாம் எர்த் வயர் வழியாத்தான் என் ஸ்கோப்புக்கு வருதுன்னு கண்டுபிடிச்சு, கொல்லையில மண்ணுக்குள்ள இருக்கிற கம்பியில இருந்து என் மேஜைக்குன்னு தனியா ஒரு வயர் இழுத்தேன். சோதிச்சுப் பாக்கறதுக்காக, வீட்டுக்குப் போற எர்த் வயரைக் கம்பியில இருந்து கழட்டினேன். கோடு நேரா நின்னுச்சா, சந்தோஷத்துல தலைகால் புரியல. கழட்டினதைத் திரும்ப மாட்டவே இல்ல.

இதைச் சொல்ல இவ்வளவு நேரம் ஆகுது. அன்னிக்கு எனக்கு ஒரு மூச்சு விடுற நேரம்தான். மீட்டருக்குத் தனியா ஒண்ணும் தெரியாது. ரெண்டு முனைக்கும் நடுவுல எவ்வளவு வித்தியாசம்னு மட்டும்தான் சொல்லும். வீட்டு எர்த் பூமியை விட்டுப் பிரிஞ்சு அந்தரத்துல தொங்குது. எங்கயோ ஒரு இடத்துல கரண்ட் கசிஞ்சா, எர்த் ஓட்டை, மிஷின், ஃபிரிட்ஜ், குழாய் எல்லாத்துக்கும் சேர்த்துத்தான் ஏறும். ரெண்டு பேர் பத்தாவது மாடியில நிக்கிறாங்க, ரெண்டு பேருக்கும் நடுவுல உயரம் எவ்வளவுன்னு கேட்டா பூஜ்யம்தான். தரையில இருந்து எவ்வளவுன்னு நான் கேக்கவே இல்ல. ஸ்கோப் மட்டும்தான் அதோட தனி வயர் வழியா நிஜப் பூமியில இருந்து அளந்துச்சு. காலையில மட்டும் அடிக்குதுன்னு அவ சொன்னா. காலையில மட்டும் நாங்க போடறது ஹீட்டர்.

குளியலறையில வாளி நகர்ற சத்தம் கேட்டுச்சு.

முதல்ல குளியலறைப் பக்கம் ஓடினேன். பாதியில, கதவைத் தட்டி என்ன பண்றது, மெயினை அணைன்னு உறைச்சு வாசல் பக்கம் திரும்பினேன். ஸ்டூல் கால்ல இடறி விழுந்து, எழுந்து, மெயின் ஸ்விட்சைக் கீழ இழுத்தேன். ஃபேன் மெல்ல நின்னுச்சு. ஃபிரிட்ஜ் சத்தம் அடங்கிப் போச்சு. பொண்டாட்டிக்கு என்ன விஷயம்னு தெரியல, ஆனா என் முகத்தைப் பாத்தே ஆபத்துன்னு புரிஞ்சுக்கிட்டு எனக்கு முன்னாடி குளியலறை வாசலுக்கு ஓடினா. நான் போய்ச் சேரும்போது அவ கீழயே பாத்துக்கிட்டு நின்னா. கதவுக்கு வெளியில அந்த ரெண்டு செருப்பும் ஜோடியா, ஒழுங்கா, நான் சொன்னபடி கழட்டி வெச்சிருந்துச்சு.

கூப்பிட்டோம். பதில் இல்ல. பிளாஸ்டிக் கதவுதான், தோளைக் குடுத்து ரெண்டு இடி இடிச்சதும் தாழ்ப்பாள் பிஞ்சுக்கிட்டு வந்துச்சு. குழாயில இருந்து தண்ணி ஓடிக்கிட்டே இருந்துச்சு. பொண்ணு எதிர்ச் சுவத்தோரமா கால் ரெண்டையும் நீட்டி உக்காந்திருந்தா. கண்ணு திறந்திருக்கு. உதடு நீலம் பாரிச்சிருக்கு. வலது கையை இடது கையால நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சிருக்கா. அழல. அம்மா அவளை வாரி எடுத்து மடியில போட்டுக்கிட்டா. பொண்ணு அம்மாவோட தோளுக்கு மேல என்னையே பாத்தா. கோவம் இல்ல அந்தப் பார்வையில. நிஜமாவே புரியாமத்தான் கேட்டா.

"நீ பூஜ்யம்னுதானேப்பா சொன்ன?"

அவளைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

ஆஸ்பத்திரியில அவ நெஞ்சுல, கையில, கால்லன்னு வயரை ஒட்டினாங்க. தலைமாட்டுல ஒரு திரை. அதுலயும் பச்சைக் கோடு, குத்துக் குத்தா ஓடிக்கிட்டு. என் வாழ்நாள்ல எத்தனை கோடு பாத்திருப்பேன், அந்தக் கோட்டை எனக்குப் படிக்கத் தெரியல. டாக்டர் அதைப் பாத்தார், அவ கையைப் பாத்தார். ரெண்டு விரல் நுனி வெள்ளையா வெந்திருந்துச்சு. விரல் நுனி பட்டதுமே தூக்கிப் போட்டுடுச்சு, குழாயை முழுசாப் பிடிச்சிருந்தா இங்க வந்திருக்க மாட்டீங்கன்னு சாதாரணமாச் சொன்னார். ஒரு நாள் பாத்துட்டு அனுப்பறேன்னார். வெறும் காலா நின்னாளான்னு அவர் கேட்டதுக்கு, பொண்டாட்டி ஆமாம்னா. யார் சொல்லிக் கழட்டினான்னு அவர் கேக்கல, அவளும் சொல்லல. அவ சொல்லாம விட்டது எனக்கு அறைஞ்ச மாதிரி இருந்துச்சு.

மச்சான் வந்துட்டார். ஆஸ்பத்திரியில பொண்ணுகிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு, வாங்க மாப்ளே வீட்டுக்குப் போய் என்னன்னு பாத்துட்டு வந்துடலாம்னு என்னைக் கூட்டிட்டு வந்தார். ஹீட்டரைக் கழட்டிப் பாத்தா, உள்ள இருக்கிற சூடாக்குற கம்பி வெடிச்சுப் போயிருந்துச்சு. பழைய ஹீட்டர்னா இப்படி ஆகறது சகஜம்தான்னார். ஆனா எர்த் ஒழுங்கா இருந்தா கரண்ட் பூமிக்குள்ள போய் ஃபியூஸ் போயிருக்கணுமே, குழாய் வரைக்கும் எப்படி வந்துச்சுன்னு தலையைச் சொறிஞ்சார். ஹீட்டர் மேலயே பழியைப் போட்டுத் தப்பிச்சுடலாம்னு பாத்தேன். கை கழுவிட்டு வரேன்னு சொல்லிட்டுக் கொல்லைக்கு ஓடினேன். பாக்கெட்ல குறடு இருந்துச்சு. ஒரு நட்டு, ஒரு வாஷர். ரெண்டு நிமிஷத்துல திரும்ப மாட்டிட்டா யாருக்கும் தெரியாது.

வீட்டு எர்த் வயர் மண்ணுல இருந்து ஒரு முழம் மேல தொங்கிக்கிட்டிருந்துச்சு. அதோட நுனியில ஒரு சீட்டு. மழையில நனையக் கூடாதுன்னு நானே பாலித்தீன் சுத்திக் கட்டினது. என் கையெழுத்து, முத்து முத்தா: 'தற்காலிகம். ஞாயிறு சாயங்காலம் திரும்ப மாட்டணும்.' கீழ தேதி. பதினோரு வாரம் ஆகியிருந்துச்சு. குறடைக் கையில எடுத்துக்கிட்டுக் குனிஞ்சேன். பின்னால செருப்புச் சத்தம்.

மச்சான் என் தோளுக்கு மேல அந்தச் சீட்டைப் படிச்சார். கத்துவார்னு நினைச்சேன். ஓங்கி ஒண்ணு விட்டாலும் வாங்கிக்கிற மாதிரிதான் நின்னேன். இத்தனை வருஷமா அவர் பல்பை நான் எவ்வளவு நக்கல் அடிச்சிருக்கேன். அவர் குனிஞ்சு சீட்டை அவுத்தார், மண்ணைத் தட்டினார், என் சட்டைப் பையில வெச்சார்.

"வயரை நான் மாட்டிக்கிறேன் மாப்ளே. நீங்க இதை அவகிட்ட குடுத்துடுங்க. நான் சொல்லி அவளுக்குத் தெரியக் கூடாது."

குடுத்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவுல, பெஞ்சுல பக்கத்துல உக்காந்து, ஒண்ணு விடாம சொல்லிட்டுக் குடுத்தேன். அவ அந்தச் சீட்டை ரெண்டு தடவை படிச்சா. கத்தியிருந்தா எனக்கு எவ்வளவோ தேவலை. நான் சொன்னப்ப நீங்க ஒரு நாளாவது கொல்லைக்குப் போய்ப் பாத்தீங்களான்னு மட்டும் கேட்டா. இல்லைன்னேன். சீட்டை மடிச்சுப் பர்ஸ்ல வெச்சுக்கிட்டா. இன்னும் அங்கதான் இருக்கு.

பொண்ணு மறுநாளே வீட்டுக்கு வந்துட்டா. ஹீட்டர் புதுசு. கசிஞ்சா அணைக்கிற பெட்டியை மச்சான் மாட்டிட்டார். என் மேஜைக்கு இழுத்த தனி வயரை நானே அறுத்துப் போட்டேன். ஸ்கோப்ல கோடு பழையபடி நடுங்குது, நடுங்கட்டும். விரல் கட்டு அவிழ்த்த அன்னிக்குத்தான் பொண்ணு தானா குளிக்கிறேன்னு துண்டோட வந்தா. வாசல்லயே நின்னுட்டா. நான் இதுக்காகவே தயாரா இருந்தேன். ஜன்னல் வழியா ஒரு நீள வயரை வெளிய விட்டு, கொல்லை மண்ணுல ஒரு கம்பியை அடிச்சு, அதுல கறுப்பு முனையை மாட்டியிருந்தேன். சிவப்பு முனையைக் குழாய்ல வெச்சேன். ஹீட்டர் ஓடிக்கிட்டிருந்துச்சு. மீட்டரை அவகிட்ட நீட்டினேன். இது நிஜப் பூஜ்யம், நீயே படிச்சுப் பாருன்னேன்.

அவ படிச்சா. பூஜ்யம்தான்ப்பான்னு ரொம்ப மரியாதையா சொன்னா. வந்திருக்கிற விருந்தாளிகிட்ட சொல்ற மாதிரி. அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பினா.

"அம்மா, தொடலாமா?"

மிஷின் நின்னுச்சு. என் பொண்டாட்டி எழுந்து வந்து, செருப்பை வாசல்லயே கழட்டிட்டு, ஈரத் தரையில வெறும் காலா நின்னு, குழாயை முழுக் கையால பிடிச்சா. கொஞ்ச நேரம் அப்படியே பிடிச்சுக்கிட்டிருந்தா. அப்புறம் தொடுன்னு சொன்னா. பொண்ணு உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. நான் மீட்டரை அணைச்சு வயரைச் சுத்தி வெச்சேன்.